மூணு வருஷம் கையாண்ட ரெஃபரன்ஸ் பைபிள்

வர்ற ஈஸ்டரோட இதை வாங்கி மூணு வருஷம் ஆகுது. பாளையங்கோட்டையில ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில 1,150 ரூபாய் கொடுத்து வாங்கினது. தமிழ், பழைய மொழிபெயர்ப்பு, ஒத்தவாக்கியங்களோட (ஒரு வசனத்தோட விஷயம் வேற எங்க வருதுன்னு காட்டுற குறிப்புகள்). கறுப்பு ரெக்சின் அட்டை, ஜிப், பொன் விளிம்பு, தம்ப் இண்டெக்ஸ் (ஒவ்வொரு புஸ்தகத்தையும் விரலால சட்டுன்னு பிரிக்க விளிம்புல வெட்டின குழி), சிவப்பு நாடா ஒண்ணு. பதிப்பாளர் பேரையும் கடை பேரையும் சொல்லப்போறதில்ல. குறை நிறைய சொல்லப்போறேன், அதனால. எந்தக் கடைக்குப் போனாலும் இதே மாதிரி நாலைஞ்சு வகை அடுக்கியிருப்பாங்க. வாங்கப்போறவங்க எதைப் பார்த்து வாங்கணும்னு சொல்லத்தான் எழுதுறேன்.

என்னைப் பத்தி ரெண்டு வரி. தபால் ஆபீஸ்ல சேமிப்புக் கணக்கு கவுண்டர்ல 24 வருஷம். ஞாயித்துக்கிழமை எங்க சபையில சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். வயசு 51, சாளேசுவரம் வந்தாச்சு. இறையியல் கல்லூரி வாசலைக்கூட மிதிச்சதில்ல. சின்ன வயசுலருந்து குடும்ப ஜெபத்துல வாசிச்சு வாசிச்சு வசனங்கள் மனப்பாடம். அர்த்தம் கேட்டா அம்மா "விசுவாசி, அது போதும்"னு சொல்லிடுவாங்க.

அது போதாதுன்னு எனக்குத் தெரியவச்சது ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தன். மத்தேயு 5:15 பாடம். "விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்காமல், விளக்குத்தண்டின்மேல் வைப்பார்கள்." நான் அழகா விளக்கம் சொல்லிட்டிருக்கேன், நம்ம வெளிச்சம், நம்ம சாட்சி, எல்லாம். அவன் கையைத் தூக்கி, "டீச்சர், மரக்கால்னா மரத்துல செஞ்ச காலா? அதை வச்சு எப்படி விளக்கை மூடுறது?"ன்னான். மொத்த வகுப்பும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஆனா வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அது உறுத்திக்கிட்டே வந்துச்சு. எனக்கு மரக்கால் தெரியும், ஆச்சி வீட்டுல நெல்லு அளந்ததைப் பார்த்திருக்கேன். அதனால அந்த வசனம் எனக்குப் புரிஞ்சதா நினைச்சுக்கிட்டேன். ஆனா விளக்கை மூட வேற எத்தனையோ பாத்திரம் இருக்க, ஏன் மரக்கால்? தானியம் அளக்கிற மரக்கால் எல்லா வீட்டுலயும் கைக்கெட்டுற இடத்துல கிடக்கும். கையில கிடைச்சதை எடுத்துக் கவிழ்த்துடலாம், அவ்வளவு சுலபம், அதுதானே? நாப்பது வருஷமா அந்த வசனத்தைச் சொல்லியும் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்ல. அடுத்த வாரமே இந்தப் பைபிளை வாங்கினேன்.

இதுல என்ன விசேஷம்னா, ரெண்டு பத்தி எழுத்துக்கு நடுவுல ஒல்லியா ஒரு பத்தி ஓடும். வசனத்துல ஒரு சொல்லுக்குத் தலையில பொடி எழுத்து ஒண்ணு போட்டிருக்கும். நடுப்பத்தியில அதே எழுத்தைத் தேடினா, இதே விஷயம் வேற எங்க வருதுன்னு அதிகாரம், வசனம் கொடுத்திருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு அங்க போகணும். அங்கயும் ஒரு பொடி எழுத்து இருக்கும், அது இன்னொரு இடத்துக்கு அனுப்பும். ராத்திரி ஒம்பது மணிக்கு உட்கார்ந்தா பதினொண்ணுதான்.

நடுப்பத்தி எழுத்து எவ்வளவு பொடின்னா, மாத்திரை அட்டைக்குப் பின்னால காலாவதி தேதி அடிச்சிருப்பாங்களே, அந்த அளவு. கண்ணாடி போட்டும் எனக்குப் பத்தல. ஃபேன்சி கடையில 60 ரூபாய்க்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கினேன். விலையில அதையும் சேர்த்துக்கோங்க.

ஒரே ஒரு இடத்தை மட்டும் விரிவா சொல்றேன். மத்தேயு 18. என் சகோதரனுக்கு எத்தனை தரம் மன்னிக்கணும், ஏழு தரமான்னு பேதுரு கேக்குறார். "ஏழுதரமாத்திரம் அல்ல, ஏழெழுபதுதரமட்டும்"னு இயேசு சொல்றார். எல்லாருக்கும் தெரிஞ்ச வசனம். நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ 490-ன்னு பெருக்கி, தம்பியை அடிக்கிறதுக்கு முன்னால எண்ணிப் பார்த்ததெல்லாம் உண்டு. இந்தப் பைபிள்ல அந்தச் சொல்லுக்கு நேரா நடுப்பத்தியில ஆதியாகமம் 4:24-ன்னு இருந்துச்சு. இங்க ஆதியாகமத்துக்கு என்ன வேலைன்னு புரட்டினேன். காயீனோட வம்சத்துல லாமேக்குன்னு ஒருத்தன். தன்னைக் காயப்படுத்தின வாலிபனைக் கொன்னுட்டு, ரெண்டு பொண்டாட்டிகளையும் கூப்பிட்டு வச்சுப் பெருமை பேசுறான். காயீனுக்கு ஏழு மடங்கு பழின்னா எனக்கு எழுபத்தேழுன்னு.

நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். பழிவாங்குறதுக்கு அவன் சொன்ன கணக்கை எடுத்து, மன்னிக்கிறதுக்குக் கணக்கா மாத்திச் சொல்லியிருக்கார். நான் கற்பனை பண்ணிக்கிறேனோன்னு எங்க ஐயர்கிட்ட கேட்டேன். (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க ஊர் சபைகள்ல போதகரை ஐயர்னுதான் கூப்பிடுவோம்.) அவர் சொன்னார், "ஏம்மா, சரியாத்தான் பிடிச்சிருக்கிய. கிரேக்கத்துல அந்த எண்ணை எழுபத்தேழுன்னும் எடுக்கலாம், ஏழெழுபதுன்னும் எடுக்கலாம். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்துல மொழிபெயர்த்தவங்க லாமேக்குக்குப் போட்ட அதே சொல்லுதான் இங்கயும் வருது." இத்தனை வருஷம் பிரசங்கத்துல ஏன் இதைச் சொல்லலைன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

அதே அதிகாரத்துல அடுத்து வர்ற உவமை எனக்கு இன்னும் பெரிய அடி. ராஜாகிட்ட ஒரு ஊழியக்காரனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ராஜா அதைத் தள்ளுபடி பண்றார். வெளிய வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டியவனோட தொண்டையை நெரிக்கிறான். பெரிய கடன், சின்னக் கடன்னு பொத்தாம்பொதுவாத்தான் இதுவரைக்கும் வகுப்புல சொல்லியிருந்தேன். இந்தப் பைபிளோட கடைசியில நிறை, அளவை, நாணயம்னு ஒரு அட்டவணை இருக்கு. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. மத்தேயு 20-ல திராட்சத்தோட்டக்காரர் நாளொன்றுக்கு "ஒரு பணம்" பேசுறாரே, அதே காசுதான். பணம்னா அந்தக் காலத்துல ஒரு காசுக்குப் பேரு. இப்போ பணம்னா நமக்கு மொத்தமா துட்டு. அதனால அந்த இடமும் புரியாம போகுது.

காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அடுத்தவங்க காசை எண்ணுறவ நான். பென்சிலை எடுத்து அட்டவணைப் பக்கத்து ஓரத்துலயே போட்டேன். 10,000 பெருக்கல் 6,000: ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலைன்னு வச்சா ரெண்டு லட்சம் வருஷம். இப்போதைய கூலி 600 ரூபாய்னு வச்சா 3,600 கோடி. இதை வச்சுக்கிட்டு அவன் ராஜாகிட்ட சொல்றான்: "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." தீர்ப்பானாம்! கவுண்டர்ல எத்தனையோ பேர் "அடுத்த மாசம் கண்டிப்பா கட்டிடுறேம்மா"ன்னு சொல்லக் கேட்டிருக்கேன். இவ்வளவு பெரிய வாயைப் பார்த்ததில்ல. ராஜா அவனுக்குத் தவணை கொடுக்கல. தவணையால தீராதுன்னு தெரிஞ்சவர் கடனையே எடுத்துட்டார். அவன் காதுலதான் அது ஏறல.

நூறு வெள்ளிப்பணம் இன்னைக்கு 60,000 ரூபாய். சின்னத் தொகைன்னு சொல்ல மாட்டேன். உழைச்சுச் சம்பாதிக்கிறவனுக்கு நாலு மாசச் சோறு அது. அதனாலதான் அவனுக்குக் கோபம் வந்துச்சு, அந்தக் கோபம் எனக்குப் புரியும். என் சித்தி மக 2017-ல என்கிட்ட 45,000 வாங்கினா. இன்னும் வரல. ரெண்டு கல்யாணத்துலயும் ஒரு அசனத்துலயும் (சபை விருந்து) எதிரும் புதிருமா உட்கார்ந்து சாப்பிட்டும் பேசிக்கல. 45,000-ஐ 600-ஆல வகுத்தா 75 நாள் கூலி. அதையும் பக்கத்துலயே பென்சில்ல எழுதினேன். நூறுகூட இல்ல. நான் அவளுக்குப் போன் பண்ணிட்டேன்னு சொன்னா இந்தக் கதை நல்லா முடியும். பண்ணல. ஆனா பரமண்டல ஜெபத்துல "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல"ங்கிற இடம் வர்றப்போ முன்ன மாதிரி வேகமா ஓடிப்போக முடியல. சில ஞாயிறு அந்த வரியைச் சொல்லாம நின்னிருக்கேன்.

விசுவாசம் கூடுச்சான்னு கேட்டா இதைத்தான் சொல்லத் தெரியுது. முன்னாலயும் விசுவாசி நான், அதுல பொய்யில்ல. அப்போ வசனம் எனக்கு ஆறுதல் மட்டும் சொல்லிட்டிருந்துச்சு. இப்போ பதிலும் கேக்குது.

வாக்குத்தத்த அட்டை விஷயத்தையும் சொல்லிடறேன். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு தட்டுல கவிழ்த்து வச்சிருக்கிற அட்டையில ஒண்ணை எடுப்போம். வருஷம் பூரா அதுதான் நம்ம வசனம். 2020-க்கு எனக்கு வந்தது எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அந்த வருஷம் எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். அட்டையைப் பீரோ கதவுல ஒட்டி வச்சு, கர்த்தர்கிட்ட கொஞ்சம் கோவிச்சுக்கவும் செஞ்சேன்.

இந்தப் பைபிள் வந்த பிறகுதான் 29-ம் அதிகாரத்தை முதல் வசனத்துலருந்து வாசிச்சேன். அது ஒரு கடிதம்! எருசலேம்லருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவங்களுக்கு எழுதினது. யார் யார் கையில கொடுத்தனுப்பினார்னு தகப்பன் பேரோட 3-ம் வசனம் சொல்லுது. கடிதத்தைக் கொண்டுபோனவங்க பேரை எழுதி வைக்கணும்னு தோணினவங்களை எங்க டிபார்ட்மெண்ட் சார்பா கும்பிட்டுக்கிறேன். கடிதத்துல என்ன இருக்கு? அங்கயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்க. உங்களைச் சிறைபிடிச்ச அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்க, அது நல்லா இருந்தாத்தான் நீங்க நல்லா இருப்பீங்க. 10-ம் வசனம்: எழுபது வருஷம் ஆகும். அதுக்கு அடுத்து வருது நம்ம அட்டை வசனம். கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவங்கள்ல முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்திருக்க மாட்டாங்க. அந்த நல்ல முடிவு அவங்க பேரப்பிள்ளைகளுக்கு. நான் அதை எனக்கு வந்த மணியார்டர் மாதிரி ஒரு வருஷக் கணக்குல எதிர்பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். அட்டையைக் கிழிக்கல, பீரோவுலதான் இருக்கு. கீழ 5, 7, 10-ன்னு மூணு எண்ணை மட்டும் பேனாவால எழுதிட்டேன்.

வசன எண்களே நம்மளைக் கெடுக்குதோன்னு சில நேரம் தோணும். இப்போ இருக்கிற எண்களைப் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டது ரொபேர் எஸ்தியேன்கிற அச்சுக்காரர், 1551-ல. அதுக்கு முன்னால 1,500 வருஷம் எண் இல்லாமத்தான் வாசிச்சிருக்காங்க.

மொழிபெயர்ப்பு பத்தி. இதுல இருக்கிறது ஹென்றி பவர் ஐயர் தலைமையில 1871-ல முழுசா வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. அதுக்கு முன்னால தரங்கம்பாடியில சீகன்பால்கு, சென்னையில பப்ரிசியுஸ், இங்க எங்க முருகன்குறிச்சி ஊசிக்கோபுரக் கோவிலை 1826-ல கட்டின ரேனியஸ் ஐயர்னு ஒவ்வொருத்தரும் செஞ்சு பார்த்திருக்காங்க. அந்த நடையோட ஓசை எனக்கு உயிர். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" மாதிரி ஒரு வரி வேற எதுலயும் எனக்கு நெஞ்சுல உட்காராது. ஆனா பிள்ளைகளுக்கு அது வேற பாஷை, மரக்கால் மட்டுமில்ல. ஆபீஸ்ல பக்கத்து சீட் அக்கா ரோமன் கத்தோலிக்கர். அவங்க 1995-ல கத்தோலிக்கரும் எங்களை மாதிரி சீர்திருத்த சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தை இரவல் கொடுத்தாங்க. "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." சுத்தமான தமிழ். சிக்கலான இடத்துல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு வாசிக்கிறேன். நிருபங்களுக்கு, அதாவது பவுல் மாதிரி அப்போஸ்தலர்கள் சபைகளுக்கு எழுதின கடிதங்களுக்கு, அது ரொம்ப உதவி. பவுலோட நீள நீள வாக்கியங்கள் பழைய தமிழ்ல எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னே பிடிபடாது. ஜெபத்துக்கு மட்டும் பழசுதான்.

ஒத்தவாக்கியம் எல்லாமே லாமேக்கு மாதிரி அள்ளித் தரும்னு நம்பி வாங்காதீங்க. நிறைய இடத்துல சொல்லுக்குச் சொல்லு பொருத்தம்தான். இங்க ஆடுன்னு இருந்தா அங்கயும் ஒரு ஆடு, அவ்வளவுதான். நாலு தடவை புரட்டினா ஒரு தடவை ஏதாவது கிடைக்கும். இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. எங்க தெருவுல வீட்டுக் கூட்டம் நடத்துற ஒரு அண்ணாச்சி, தானியேல்ல ஒண்ணு, எசேக்கியேல்ல ஒண்ணு, வெளிப்படுத்தின விசேஷத்துல ஒண்ணுன்னு மூணு வசனத்தை முடிச்சுப் போட்டு உலகம் முடியுற வருஷத்தையே சொல்லிட்டார். அந்த வருஷம் போயே போச்சு. அவர்கிட்ட இருக்கிறதும் ரெஃபரன்ஸ் பைபிள்தான். குறிப்பு காட்டுற இடத்துக்குப் போனா அங்க முன்னும் பின்னும் பத்து வசனமாவது வாசிக்கணும், இல்லன்னா போகவே வேண்டாம்.

மற்ற குறைகள். இயேசு பேசினதைச் சிவப்புல அடிச்சிருக்காங்க. சில பக்கத்துல அது ரோஸ் நிறமா வெளிறிப்போய் டியூப் லைட்ல கண்ணுக்குத் தெரியல. மலைப்பிரசங்கமே அப்படித்தான் வெளிறிக் கிடக்கு. தாள் வெங்காயச் சருகு. ஹைலைட்டர் போட்டா பின்பக்கம் வந்துடும், பென்சில் மட்டும்தான். பவுல் போன வழி வரைபடம் இருக்கு, ஊர் பேரெல்லாம் ஆங்கிலத்துல. தமிழ்ப் பைபிள்ல எபேசுவைத் தமிழ்ல எழுதுறதுக்கு என்ன கேடு? ஜிப் ஏழாவது மாசம் போச்சு. ஜங்ஷன்ல பை தைக்கிறவர் 80 ரூபாய்க்கு மாத்திக் கொடுத்தார், அது இன்னும் ஓடுது. நாடா ஒண்ணுதான்; ரெண்டு வேணும், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர. நான் சேலை ஃபால்ஸ்ல ஒரு துண்டு வெட்டி ஒட்டிக்கிட்டேன்.

செயலி இருக்கே, இலவசம்தானேன்னு என் மகன் கேக்குறான். வசனம் தேடுறதுக்கு அதுதான் வேகம், நானும் வச்சிருக்கேன். ஆனா அதுல ஒரு குறிப்பைத் தொட்டா அந்த ஒரு வசனம் மட்டும் பெட்டிக்குள்ள வந்து நிக்குது. மறுபடி அட்டை வசனம்தான். தாள்ல புரட்டினா வேணாம்னாலும் பக்கத்து வசனம் கண்ணுல படும்.

பெரிய குறையைக் கடைசிக்கு வச்சிருக்கேன். நான் முதல்ல வாங்கின பிரதியை ரெண்டு மாசம் கழிச்சு மாத்த வேண்டியதாச்சு. அன்னைக்கு வகுப்புல நெகேமியா 8. சிறையிருப்புலருந்து திரும்பி வந்த ஜனங்களைத் தண்ணீர்வாசல் முன்னால நிக்கவச்சு, எஸ்றா காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் நியாயப்பிரமாணத்தை, அதாவது மோசேயோட சட்டப் புஸ்தகத்தை, வாசிக்கிறார். பெருமையா ஜிப்பைத் திறந்து புரட்டினா, நெகேமியா பாதியில நின்னு மறுபடி எஸ்றா புஸ்தகம் வருது. 32 பக்கம் ரெண்டு தடவை சேர்த்துத் தைச்சுட்டாங்க, அடுத்த 32 பக்கம் இல்ல. எஸ்தர் மொத்தமும் காணோம். எஸ்தர் புஸ்தகத்துல தேவன் பேரு ஒரு இடத்துலயும் வராதுன்னு சொல்லுவாங்க. என் பைபிள்ல எஸ்தர் பேரே வரல. மரக்கால் கேட்ட அதே பையன்தான் அவன் பைபிளை நீட்டினான். அதுலருந்து வாசிச்சேன்: "தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை அவர்களுக்கு விளங்கப்பண்ணினார்கள்."

கடையில "ரெண்டு மாசம் உபயோகிச்சுட்டீங்களேம்மா"ன்னு இழுத்தாங்க. மூணு வாரம் அலைஞ்சுதான் மாத்திக் கொடுத்தாங்க. முதல் பிரதியில பென்சில்ல போட்ட குறிப்பெல்லாம் அதோட போச்சு. ஆகவே வாங்குறப்போ கவுண்டர்லயே நின்னு 66 புஸ்தகமும் இருக்கான்னு தம்ப் இண்டெக்ஸ் பிடிச்சுப் பாருங்க, பக்க எண் தொடர்ச்சியா ஓடுதான்னு பாருங்க. அஞ்சு நிமிஷம் ஆகும். கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீங்க.